முடிவுப் பட்டியலில் உங்கள் மகனின் டாக்ஸி எங்கே இருக்கிறது?

கேள்வி: நாங்கள் வார்விக்‌ஷயர் கவுண்டியில், ரக்பி நகரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 15 வயது, ஆட்டிசம் உண்டு. ஒன்பது மைல் தொலைவில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு, கவுண்டி கவுன்சில் அனுப்பும் டாக்ஸியில் போய்வருகிறான். 2025 மே மாதம் நடந்த கவுன்சில் தேர்தலில் நான் வாக்களித்தவர் சில வாக்குகளில் தோற்றுவிட்டார். வென்றவர் வாங்கியதும் மூன்றில் ஒரு பங்கு வாக்குகள்தான். ரிஃபார்ம் கட்சி ஜெயித்தது என்கிறார்கள். யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்றும் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செலவைக் குறைப்போம் என்று சொல்லி வந்தவர்கள் இந்த டாக்ஸியை நிறுத்திவிடுவார்களா? நான் இன்னும் இந்தியக் குடியுரிமையில்தான் இருக்கிறேன். இதையெல்லாம் கேட்க எனக்கு உரிமை உண்டா? யாரிடம் கேட்பது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது டாக்ஸிதான் என்பதால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மகன் பதினொன்றாம் ஆண்டு வகுப்பை முடிக்கும்வரை அவன் பள்ளிக்குப் போய்வரும் வசதியை எந்தக் கட்சியும் விருப்பம்போல் நிறுத்த முடியாது. அது தேர்தல் வாக்குறுதியால் வந்ததல்ல, நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. நீங்கள் கவனம் வைக்க வேண்டியது அதற்கு அடுத்து வரும் செப்டம்பர் மாதத்தின் மீது. ஏன் என்பதற்கு, தேர்தல் முடிவிலிருந்தே தொடங்க வேண்டும்.

வார்விக்‌ஷயர் கவுண்டி கவுன்சிலில் 57 இடங்கள். 2021 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி தனியாக 42 இடங்களைப் பிடித்தது. 2025 மே 1 அன்று நடந்த தேர்தலில் அது 9 இடங்களாகச் சுருங்கியது. ரிஃபார்ம் யுகே 23, லிபரல் டெமாக்ரட் 14, கிரீன் 7, லேபர் 3, விட்னாஷ் ஊர்மக்கள் அமைப்பு 1. தனிப்பெரும்பான்மைக்கு 29 வேண்டும். ஆகவே நீங்கள் கேள்விப்பட்ட இரண்டுமே உண்மை: ரிஃபார்ம் முதலிடம் பெற்றது, ஆனால் அவையைத் தன் கையில் வைத்திருக்கவில்லை. கென்ட் கவுண்டியில் நடந்ததோ வேறு. அங்கே 81 இடங்களில் 57 ரிஃபார்ம் கட்சிக்குப் போயின. அதற்கு மற்ற எவருடைய தயவும் தேவைப்படவில்லை. இரண்டையும் ஒரே தலைப்பில் "ரிஃபார்ம் வெற்றி" என்று போட்டுவிட்டால், உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய செய்தி அதில் இல்லாமல் போய்விடுகிறது.

வென்றவர் மூன்றில் ஒரு பங்கு வாக்குகள்தான் பெற்றார் என்பதில் தவறு ஏதும் நடக்கவில்லை. இங்கே ஒரு டிவிஷனில், அதாவது ஒரு கவுன்சில் தொகுதியில், யார் அதிகம் வாங்குகிறாரோ அவரே வென்றவர். பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. ஆயிரம் பேர் வாக்களித்து, ஐந்து பேர் முறையே 310, 280, 210, 120, 80 என்று வாங்கினால், 310 வாங்கியவர் உறுப்பினராகிவிடுகிறார். மற்ற 690 பேரின் வாக்குக்குப் பிரதிநிதி இல்லை. இரண்டு கட்சிகள் மட்டும் மோதிய காலத்தில் இது அவ்வளவாக உறுத்தவில்லை. ஐந்து கட்சிகள் நிற்கும்போது மிகவும் உறுத்துகிறது. இந்த முறை மாற வேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. ஆனால் உங்கள் கவுன்சிலர் சட்டப்படி முழு உரிமை பெற்ற கவுன்சிலர்தான். அவருக்கு வாக்களிக்காத உங்களுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டியவர்.

சில வாக்குகளில் தோற்றது பற்றிச் சுருக்கமாக. மறு எண்ணிக்கையை வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ, முடிவு அறிவிக்கப்படுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். அறிவித்த பின் இருக்கும் ஒரே வழி தேர்தல் மனு. தோற்ற வேட்பாளரோ, நான்கு வாக்காளர்கள் சேர்ந்தோ, தேர்தல் நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டது. அறிவிப்புத் தாளில் நிராகரிக்கப்பட்ட வாக்குச்சீட்டுகளின் எண்ணிக்கையும் காரணமும் இருக்கும்: அதிகாரபூர்வ முத்திரை இல்லாதது, ஒருவருக்கு மேல் குறியிட்டது, வாக்காளர் யார் என்று தெரியும்படி எழுதியது, வெற்றாக விட்டது அல்லது குறி தெளிவில்லாதது. எண்ணும் மேசைக்கு அருகே முகவராக நின்றிருக்கிறேன். அந்தக் கடைசி வகையில் விழும் சீட்டுகளைப் பார்க்கும்போதெல்லாம், கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஓர் இடத்தின் கனம் எவ்வளவு என்பதற்கு 2017-இல் நார்தம்பர்லேண்டில் நடந்ததைச் சொல்லலாம். சவுத் பிளைத் டிவிஷனில் இருவர் சமமான வாக்குகள் பெற்றார்கள். திருவுளச்சீட்டு போல வைக்கோல் துண்டுகளை எடுக்கச் சொன்னார்கள். லிபரல் டெமாக்ரட் வேட்பாளருக்கு அமைந்தது. அந்த ஒரே இடத்தால் கன்சர்வேட்டிவ் கட்சி கவுன்சில் பெரும்பான்மையைத் தவறவிட்டது.

இனி, பெரும்பான்மை இல்லாத அவையை யார் நடத்துகிறார்கள் என்பதற்கு வருகிறேன். பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். கவுன்சிலில் இரண்டு தலைவர்கள் உண்டு. ஒருவர் கூட்டத்தை நடத்தும் அவைத் தலைவர். மற்றவர் நிர்வாகத்தை நடத்தும் கவுன்சில் தலைவர். பின்னவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் கூடி வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு 29 பேர் கையெழுத்திட்ட கூட்டணி ஒப்பந்தம் தேவையில்லை. எதிர்த்தரப்பினர் ஒன்று சேராமல் இருந்தாலே போதும். வார்விக்‌ஷயரில் அந்தத் தேர்தலில் ரிஃபார்ம் தவிர்த்து வென்ற மற்றவர்கள் மொத்தம் 34 பேர். ஆனால் அவர்கள் ஒரே அணி அல்ல. தேர்தலுக்குப் பின் முதலில் பொறுப்பேற்ற ரிஃபார்ம் தலைவர் சில வாரங்களில் விலகினார். 2025 ஜூலையில், 19 வயதான ஜார்ஜ் ஃபின்ச் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது வாக்குகள் சமமாக நின்றன. அவைத் தலைவரின் தீர்மான வாக்குதான் முடிவைச் சொன்னது. அவ்வளவு மெல்லிய நூலில் நிற்கும் நிர்வாகம் அது.

ஆனால் நூல் மெல்லியது என்பதால் அதிகாரமும் மெலிந்துவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். தலைவர் தன் அமைச்சரவையைத் தானே நியமிக்கிறார். தன்னையும் சேர்த்து அதிகபட்சம் பத்துப் பேர். அன்றாட நிர்வாக முடிவுகள் பெரும்பாலும் அந்த அமைச்சரவையில்தான் எடுக்கப்படுகின்றன. அங்கே எதிர்க்கட்சிக்கு வாக்கு இல்லை. முழு அவையின் ஒப்புதல் வேண்டியவை சிலவே. அவற்றில் மிகப் பெரியது ஆண்டு வரவுசெலவுத் திட்டம். பிப்ரவரி மாதத்தில் அது வாக்கெடுப்புக்கு வரும். 23 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சேர்ந்து எதிர்க்கும் வரவுசெலவை நிறைவேற்ற முடியாது. எங்காவது பேசி முடிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் இருக்கும் கூட்டங்களில் எதற்குக் கண் வைப்பது என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரிக் கூட்டத்தைத்தான். பள்ளிப் போக்குவரத்து, முதியோர் பராமரிப்பு, நூலகம், சாலை ஆகியவற்றுக்கு எவ்வளவு என்று எழுதப்படுவது அன்றுதான். குப்பை அள்ளுவதும் கவுன்சில் வரி வசூலிப்பதும் கவுண்டிக்கு அடுத்த அடுக்கான ரக்பி பரோ கவுன்சிலின் வேலை. அங்கே போய் டாக்ஸியைப் பற்றிக் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் சிலருக்கு இலவசப் பள்ளிப் போக்குவரத்து தந்தே ஆக வேண்டும். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் பொருத்தமான பள்ளி 2 மைலுக்கு மேல், அதற்கு மேற்பட்ட வயதில் 3 மைலுக்கு மேல் இருக்க வேண்டும். சிறப்புக் கல்வித் தேவையாலோ உடற்குறையாலோ நடந்து போக முடியாத பிள்ளைக்கு இந்தத் தூரக் கணக்கே கிடையாது. உங்கள் மகன் இரண்டு வகையிலும் உள்ளே வருகிறான். ஒரே ஒரு நிபந்தனையைச் சரிபாருங்கள்: அந்தப் பள்ளி, அவனுக்குப் பொருத்தமான பள்ளிகளில் மிக அருகில் இருப்பதாக இருக்க வேண்டும். இஎச்சிபி என்று இங்கே சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி, உடல்நல, பராமரிப்புத் திட்டத்தின் ஐ பிரிவை எடுத்துப் பாருங்கள். அங்கே அந்த ஒரு பள்ளியின் பெயர் மட்டும் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. இரண்டு பள்ளிகள் குறிப்பிடப்பட்டு, தொலைவில் உள்ளது பெற்றோர் விருப்பம், போக்குவரத்து பெற்றோர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் மட்டும் உடனே ஆலோசனை பெறுங்கள்.

வடிவம் மாறலாம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டம் உறுதிசெய்வது போக்குவரத்தை, டாக்ஸியை அல்ல. தனி டாக்ஸிக்குப் பதிலாக மற்றப் பிள்ளைகளோடு மினிபஸ்ஸில் அனுப்புவார்கள். ஏறும் இடத்தைத் தெருமுனைக்கு மாற்றுவார்கள். சிறப்புக் கல்விப் போக்குவரத்து என்பது இங்கிலாந்தின் எல்லாக் கவுண்டிகளிலும் வேகமாக வளர்ந்துவரும் செலவு. எந்தக் கட்சி வந்தாலும் அந்தத் தலைப்பைத்தான் முதலில் புரட்டும். அப்படி மாற்றும்போதும் பயணம் மகனுக்குப் பாதுகாப்பாகவும், படிக்கும் நிலையில் அவனைக் கொண்டுசேர்ப்பதாகவும் இருக்க வேண்டும். பெட்ரோல் செலவைத் தருகிறோம், நீங்களே கொண்டுபோய் விடுங்கள் என்று கேட்டால், அதற்கு உங்கள் சம்மதம் தேவை. சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மறுத்தால் குற்றம் செய்தது போல் உணரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி உணராதீர்கள்.

செப்டம்பருக்கு வருகிறேன். மகனுக்கு 16 வயதாகும் பள்ளி ஆண்டின் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமையோடு கட்டாயப் பள்ளி வயது முடிகிறது. அதன் பின் 16 முதல் 18 வரையிலான போக்குவரத்து பெரிதும் கவுன்சிலின் முடிவுக்கு விடப்பட்டது. அதற்கான கொள்கை அறிக்கையை அது ஆண்டுதோறும் மே 31-க்குள் வெளியிட வேண்டும். பெற்றோரிடம் பங்குத்தொகை கேட்கலாம், டாக்ஸிக்குப் பதில் மைல் கணக்கில் பணம் தரலாம். அமைச்சரவையில் இருப்பவர்கள் யார் என்பது உங்கள் வீட்டு வாசலை உண்மையில் தொடும் இடம் இதுதான். அப்போதும் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் தனியாகப் பார்க்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. ஒட்டுமொத்தமாக "இல்லை" என்று எழுதிவிட முடியாது. 19 வயதுக்குப் பின், இஎச்சிபி உள்ளவருக்குப் போக்குவரத்து அவசியம் என்று கவுன்சில் ஏற்றுக்கொண்டால் அது முழுக்க இலவசமாக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்கும் உரிமைக்கும் குடியுரிமைக்கும் தொடர்பில்லை. அந்தக் கவுண்டியில் குடியிருந்தால் போதும். அதற்கும் மேலே ஒன்று உங்களுக்கு இருக்கிறது. இந்தியா, இலங்கை உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், இங்கே தங்கும் அனுமதி இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். நீங்கள் அதைத்தான் செய்தீர்கள். வாக்குச்சாவடியில் அடையாளமாக இந்தியக் கடவுச்சீட்டும் செல்லும். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்தால் வேட்பாளராகவே நிற்கலாம். நம்மவர்களில் பலர் இது தெரியாமல் பதிவே செய்யாமல் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

யாரிடம் கேட்பது? முதலில் உங்கள் டிவிஷன் கவுன்சிலர். அவர் எந்தக் கட்சி என்று தயங்காதீர்கள். பெரும்பான்மை இல்லாத அவையில் ஒவ்வொரு கவுன்சிலரின் கையும் எண்ணப்படும் என்பதால் உங்கள் கடிதத்துக்கு வழக்கத்தைவிடக் கனம் அதிகம். அடுத்து, கல்வியைக் கவனிக்கும் அமைச்சரவை உறுப்பினர். முக்கிய முடிவுகளைக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் முன்னறிவிப்புப் பட்டியலில் வெளியிட வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலில் "போக்குவரத்து" என்ற சொல்லைத் தேடுங்கள். போக்குவரத்து மறுக்கப்பட்டால் 20 வேலை நாட்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் மறுத்தால் இரண்டாம் கட்டமாகத் தனிக் குழு முன் மேல்முறையீடு. அதற்கும் பின், கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் போகக் கட்டணம் இல்லை.

கவுண்டி, பரோ என்ற இரண்டடுக்கை எடுத்துவிட்டு ஒற்றைக் கவுன்சில்களாக்கும் திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. நாளைக்கு உங்கள் கவுன்சிலின் பெயர்ப்பலகை மாறினாலும் மகனுக்கான கடமை அடுத்து வரும் கவுன்சிலுக்கு அப்படியே போய்ச்சேரும்.

இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நீளம் வேண்டாம். மகனின் வயது, ஐ பிரிவில் உள்ள பள்ளி, இப்போதைய ஏற்பாடு, தனியாகப் பஸ்ஸில் போனால் என்ன ஆகும் என்பது; கடைசியில் ஒரே கேள்வி: "பதினொன்றாம் ஆண்டுக்குப் பின் வரும் செப்டம்பரில் இவனுக்கு என்ன ஏற்பாடு, அதற்கு நான் எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?" அனுப்பிய தேதியைக் குறித்துவையுங்கள்.