காப்புரிமைத் தாளில் பெண் பெயர்கள்: அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர்கள் பற்றிக் கேள்வி பதில்

கே: அக்கா, வைஃபையைக் கண்டுபிடித்தது நடிகை ஹெடி லமார் என்று வாட்ஸப்பில் வருகிறதே, உண்மையா?

ப: இல்லை. அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 ஆகஸ்ட் 11 அன்று பெற்ற காப்புரிமை (பேட்டன்ட், எண் 2292387) டார்பிடோவை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டை, ரேடியோவால் இயக்குவது பற்றியது. ஒரே அலைவரிசையில் கட்டளை போனால் எதிரி அதைக் கண்டுபிடித்து இரைச்சலால் அடைத்துவிடுவான். அதனால் அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தானியங்கி பியானோவில் இருப்பதுபோல ஓட்டை போட்ட காகிதச் சுருள் இரண்டு பக்கமும் ஓடும். 88 வரிசை ஓட்டைகள், 88 அலைவரிசைகள். இரண்டு சுருளும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் கட்டளை போய்ச் சேராது. சிக்கலே அங்கேதான். கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை.

இன்று இதற்கு நெருங்கிய உறவு என்றால் ப்ளூடூத்தைச் சொல்லலாம். அதன் பழைய வடிவம் 79 தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவுகிறது. நாம் வீட்டில் பயன்படுத்தும் வைஃபை வேறு முறையில் வேலை செய்கிறது.

கே: மளிகைக் கடைக் காகிதப் பைக்கு ஒரு பெண் வழக்காடினாராமே?

ப: மார்கரெட் நைட். ஆனால் அவர் கண்டுபிடித்தது பையை அல்ல, அடி தட்டையான பையைத் தானே மடித்து ஒட்டும் இயந்திரத்தை. அதற்குமுன் இயந்திரம் செய்தது உறைபோன்ற பை, நிமிர்ந்து நிற்காது. தட்டை அடி வேண்டுமென்றால் கையால் ஒட்ட வேண்டும். மர மாதிரி செய்து ஓட்டிப் பார்த்தபின் இரும்பு மாதிரிக்காகப் பட்டறைக்குக் கொடுத்தார். அங்கே அதைப் பார்த்த சார்ல்ஸ் அனன் என்பவர் தன் பெயரில் விண்ணப்பித்துவிட்டார்.

நைட் ஜெயித்ததற்குக் காரணம் பழைய வரைபடங்களும் சாட்சிகளும். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி முதலில் விண்ணப்பித்தவருக்கு அல்ல, முதலில் கண்டுபிடித்தவருக்கே உரிமை. 1871 ஜூலை 11 அன்று எண் 116842 அவருக்குக் கிடைத்தது. 2013 மார்ச்சில் அந்த விதி மாறிவிட்டது. இன்றைக்கு அதே வழக்கு வந்தால், அனன் திருடினார் என்றே தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கே: பாத்திரம் கழுவும் இயந்திரத்தை ஜோசஃபின் காக்ரன் 1886இலேயே செய்துவிட்டார் என்றால், வீடுகளுக்கு வர ஏன் அவ்வளவு காலம்?

ப: வெந்நீர்தான் காரணம். செப்புக் கொப்பரைக்குள் ஒரு சக்கரம். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றின் அளவுக்கும் கம்பியில் தனித்தனி அறைகள். தேய்க்காமல், சோப்பு கலந்த வெந்நீரை விசையோடு அடித்துக் கழுவியது. அவ்வளவு வெந்நீர் அன்றைய வீட்டுக் கொதிகலன்களில் கிடையாது. அதனால் வாங்கியவை ஹோட்டல்களும் உணவகங்களும். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்தபின் ஆர்டர்கள் கூடின.

கே: மேரி ஆண்டர்சனின் கார் வைப்பர்?

ப: 1903, எண் 743801. டிராம் வண்டியை மனதில் வைத்துச் செய்தது. மோட்டார் கிடையாது, உள்ளே கைப்பிடியைத் திருப்பினால் வெளியே ரப்பர் பட்டை நகரும். பனிக்காலம் முடிந்ததும் கழற்றிவிடலாம். காப்புரிமை 1920இல் காலாவதி ஆனது. கார்கள் பெருகியபோது உரிமை கையில் இல்லை, பணமும் வரவில்லை.

கே: இதையெல்லாம் நாங்களே சரிபார்க்க முடியுமா?

ப: முடியும். கூகுள் பேட்டன்ட்ஸில் நாட்டுக் குறியீட்டோடு (அமெரிக்காவுக்கு US) எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் பழைய தாள்கள் பல நேரம் சிக்காது. ஸ்கேன் செய்து எடுத்த எழுத்துகளில் பிழை அதிகம். பெயரே வேறாகவும் இருக்கும்: லமாரின் தாளில் இருப்பது ஹெடி கீஸ்லர் மார்க்கி. மார்த்தா காஸ்டனின் கப்பல் இரவுச் சமிக்ஞை வெடிக்கு 1859இல் கிடைத்த உரிமையில் கண்டுபிடிப்பாளராக இறந்துபோன கணவர்தான் இருக்கிறார். மார்த்தா அவர் சொத்தின் நிர்வாகி மட்டுமே. தாள் கிடைத்ததும் கடைசியில் உள்ள உரிமைக் கோரிக்கைப் பத்திகளை முதலில் படியுங்கள். சட்டப்படி உரிமை பெற்றவருக்குச் சொந்தமானது அங்கே எழுதியிருப்பது மட்டும்தான்.