டீச்சரைக் கேளுங்கள்: வாலாஜா அளவில் ஓர் அமெரிக்க ஊர்

அமெரிக்காவில் ஹாலந்து என்ற ஊரில், மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்ததைப் போன இதழில் எழுதியிருந்தேன். அந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

டீச்சர், என் மகனுக்கு அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலம் ஹாலந்து என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஹாலந்து ஐரோப்பாவில் அல்லவா இருக்கிறது? இந்த ஊர் பெரிய ஊரா? விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*ஒரு தாயார், வாலாஜாபேட்டை*

அம்மா, உங்கள் ஊரையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் வாலாஜாவில் 32 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2020 கணக்கெடுப்பில் ஹாலந்தில் 34,378 பேர். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். வாலாஜா நகராட்சி ஆனது 1866இல், ஹாலந்து நகரம் ஆனது 1867இல். அதாவது ஒரு வருஷம் மூத்தது உங்கள் ஊர்.

பெயர் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நெதர்லாந்தில், அதாவது நாம் ஹாலந்து என்று சொல்லும் நாட்டில், 1834இல் ஒரு கூட்டத்தார் அரசு சார்ந்த திருச்சபையை விட்டுப் பிரிந்தார்கள். தனியாகக் கூடி ஜெபித்ததற்கு அபராதம் கட்டினார்கள். அதோடு 1840களில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. ஆல்பர்டஸ் வான் ரால்ட என்ற போதகர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். 1847 பிப்ரவரியில், பனிக்காலத்தின் நடுவில், இப்போது இந்த ஊர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அது காடும் சதுப்பும். முதல் கோடையிலேயே காய்ச்சல் வந்து பலர் செத்துப்போனார்கள்.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அது ஆளில்லாத காடு அல்ல. ஒடாவா என்ற பழங்குடி மக்களின் ஊர் அங்கே இருந்தது. டச்சுக்காரர்கள் வந்த இரண்டே வருஷத்தில் ஒடாவா மக்கள் வீடுவாசலை விட்டு வடக்கே போய்விட்டார்கள். ஊர் வரலாற்றை யார் சொன்னாலும் 1847இலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

பூகோளம் இப்படி. ஊருக்குள் மக்கடாவா என்று ஓர் ஏரி, அதற்கு மேற்கே மிச்சிகன் ஏரி. இரண்டுக்கும் நடுவில் மணல் மேடு அடைத்துக்கொண்டு கப்பல் வர வழியில்லாமல் இருந்தது. அரசாங்கத்துக்கு எழுதி எழுதிப் பார்த்தார்கள், வேலை நடக்கவில்லை. கடைசியில் குடியேறியவர்களே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் வெட்டினார்கள். இப்போது அந்த வாய்க்கால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. மிச்சிகன் ஏரியைப் பார்த்ததும் நான் கடல் என்றே நினைத்தேன். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பினால் நமக்கு அதுவே பெரிசு. இதற்கோ அக்கரை தெரியாது, அலை அடிக்கிறது, கரையெல்லாம் மணல் குன்று. கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், உப்பே இல்லை.

1871 அக்டோபர் 8ஆம் தேதி இரவு சிகாகோ எரிந்தது பலருக்குத் தெரியும். அதே இரவில் ஹாலந்தும் எரிந்தது. மழையில்லாத கோடை, மரம் வெட்டிப் போட்ட சருகும் கிளையும், மேலே பலத்த காற்று. விடியும்போது ஊரில் பெரும்பகுதி சாம்பல். 1856இல் கட்டிய தூண் வைத்த தேவாலயமும், 1866இல் சாசனம் பெற்ற ஹோப் கல்லூரியும் தப்பின. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் டச்சுக்காரர்கள்தானா?
*கல்லூரி மாணவி, குடியாத்தம்*

இல்லையம்மா. நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெள்ளரி பறிக்கவும் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயலில் களை எடுக்கவும் டெக்சாஸிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். 1897இலிருந்து அங்கே ஹைன்ஸ் கம்பெனியின் ஊறுகாய்த் தொழிற்சாலை நடக்கிறது. நம் எண்ணெய் ஊறுகாய் இல்லை, வினிகரில் போட்ட வெள்ளரிக்காய். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து வந்த அகதிக் குடும்பங்களும் உண்டு. ஆம்பூரில் தோல் ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆன கதைதான்.

ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகவில்லை என்பதையும் கவனி. 2000இல் 35,048, 2010இல் 33,051, அப்புறம் 34,378. இருபது வருஷத்தில் இறங்கி ஏறியும் பழைய எண்ணிக்கையைத் தொடவில்லை. நகர எல்லைக்கு வெளியே வீடுகள் பெருகியிருக்கின்றன, அவை இந்தக் கணக்கில் வராது. நம் ஊரிலும் எல்லையைப் பார்க்காமல் ஜனத்தொகையை ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அந்த ஊர்க்காரர் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
*ஓய்வுபெற்ற செவிலியர், ராணிப்பேட்டை*

சகோதரி, அவர் உங்கள் ஊர்க்காரர்! 1870 டிசம்பர் 9இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆனால் சொன்னவர் முழுக்கத் தப்பாகவும் சொல்லவில்லை. ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன், அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் வழியாக வந்த சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. ஹாலந்தில் குடியேறியவர்களும் 1850இல் அதே சபையில் சேர்ந்தார்கள். ஹோப் கல்லூரி அந்தச் சபையின் கல்லூரி. அங்கே படித்தவர்கள் சிலர் பிற்பாடு நம் ஜில்லாவுக்கு வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். நான் படித்தது வேலூர் ஊரிஸ் கல்லூரியில். 1898இல் தொடங்கிய அந்தக் கல்லூரியும் இதே மிஷன் நடத்தியதுதான். ஹோப் கல்லூரி வாசலில் நின்றபோது, எங்கள் பிரின்சிபால் அறைக்கு வெளியே காத்து நின்ற ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

டீச்சர், பனி எப்படி இருக்கும்? நடந்து போக முடியுமா?
*வாலாஜாபேட்டைத் தாயாரே கேட்ட இன்னொரு கேள்வி*

நிறைய விழும். முன்பனிக் காலத்தில் ஏரித் தண்ணீர் இன்னும் சூடு ஆறாமல் இருக்கும். மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் பனியாகக் கொட்டிவிடும். கிழக்குக் கரையில் இருப்பதால் ஹாலந்துக்கு இந்தப் பங்கு கூடுதல்.

ஆனால் கடைத்தெருவில் நடக்கலாம். தெருவுக்கும் நடைபாதைக்கும் அடியில் குழாய் பதித்து, மின் நிலையத்தில் வீணாகப் போகும் சூட்டில் காய்ந்த தண்ணீரை ஓடவிடுகிறார்கள். 1988இல் ஆரம்பித்த ஏற்பாடு. எட்டாவது தெருவில் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். சந்துக்குள் முழங்கால் உயரம் பனி. தெருவுக்கு வந்தால் செங்கல் ஈரமாக மட்டும் இருந்தது. பஞ்சு மாதிரி விழுந்த ஒரு துண்டு, செங்கல்லைத் தொட்டதும் ஓரத்திலிருந்து கரைந்து, நான் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகிவிட்டது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொட்டேன். சூடு என்று சொல்ல முடியாது, ஜில்லென்றும் இல்லை. கிணற்றுத் தண்ணீர் மார்கழிக் காலையில் இருக்குமே, அப்படி.

வீட்டுத் தெருக்களில் இந்த வசதி இல்லை, வழுக்கும். அதனால் மகனுக்குப் பூட்ஸ் இங்கே வாங்க வேண்டாம். நான் ஆம்பூரில் வாங்கிக்கொண்டு போனது தோல் நல்லதுதான், ஆனால் அடிப்பாகம் பனிக்கு ஆகவில்லை, இரண்டாம் நாளே விழுந்தேன். போய் இறங்கியதும் அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.