வாசகர் கேள்வி பதில்: பார்வையற்ற பிள்ளைகளுக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் கண்ணைப் பற்றியும் பார்வையற்றவர்களுக்கான கருவிகளைப் பற்றியும் கேட்டவர்களே அதிகம். அதனால் இந்த இதழில் அவற்றுக்கே இடம். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் மதுரையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு விழித்திரை நோய், ஆர்.பி. என்று சொல்வார்கள். முப்பத்து நான்கு வயதோடு எழுத்துப் படிக்கும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் இருபத்து நான்கு வருடம் பாடம் நடத்தினேன்.

என் மகனுக்கு 14 வயது. ஆர்.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டெம்செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று ஓரிடத்தில் உறுதி சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

வைக்காதீர்கள் அம்மா. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, பொழுது சாய்ந்ததும் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லில் முட்டிக்கொள்வேன். பாட்டி அதை மாலைக்கண் என்றார். ஒரு வருடம் முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டேன். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் என்றால் அது போதும், சீக்கிரமே சரியாகியிருக்கும். என்னுடையது மரபணுவில் இருந்த கோளாறு. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்கிற செல்கள் முதலில் சாகும். அப்புறம் ஓரப்பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகும். என் அப்பா என் அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். இரண்டு பேரிடமும் அந்தக் கோளாறான மரபணுவின் ஒரு பிரதி இருந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்று பிள்ளைகளில் எனக்கும் தம்பிக்கும் வந்தது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஊரில் அது வழக்கம், அவர்களுக்குத் தெரியாது.

நானும் ஒரு காலத்தில் இரட்டைவடச் சங்கிலியை விற்று இந்த ஊசியைப் போட்டுக்கொண்டேன். கிளினிக்கின் பேர் வேண்டாம். ஆறு வாரத்தில் வெளிச்சம் தெரியும் என்றார்கள். தினமும் காலையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காதது என் அதிர்ஷ்டம் என்று பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் வேறொரு விழித்திரை நோய்க்கு மூன்று பெண்கள் இதேபோல் ஊசி போட்டுக்கொண்டு இருந்த பார்வையையும் இழந்தார்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டிருக்கிறார்கள். 2017ல் அது மருத்துவ இதழில் வெளியானது.

உண்மையான ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆர்.பி.இ.65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எட்டரை லட்சம் டாலர் விலை வைத்தார்கள். ஆர்.பி.க்குக் காரணமான மரபணுக்கள் எண்பதுக்கும் மேல். உங்கள் மகனுக்கு எது என்று தெரியாமல் எந்தச் சிகிச்சையைப் பற்றியும் பேச முடியாது. ஆகவே முதல் செலவு மரபணுப் பரிசோதனைக்குத்தான். சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் மரபணு ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டார் கொடுக்கிற ரத்தமும், யார் யாருக்கு எப்போது பார்வை குறைந்தது என்கிற குடும்பக் கதையும் ஆராய்ச்சிக்கு நேரடியான உதவி. பணம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய உதவி.

புது சிகிச்சையைச் சோதிப்பதாக யாராவது சொன்னால், அது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முறையான பரிசோதனையில் சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள், தமிழிலேயே விளக்கிக் கையெழுத்து வாங்குவார்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆர்.பி. உள்ளவர்களுக்குக் கண்புரையும் விழித்திரை நடுவில் நீர்கோத்துக்கொள்வதும் சேர்ந்து வரலாம். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. எனவே வருடத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனையை விடாதீர்கள். மகனுக்குப் பார்வை இருக்கும்போதே போனில் திரையைப் படித்துச் சொல்லும் வசதியையும், கொஞ்சம் பிரெயிலையும் பழக்கிவிடுங்கள். நான் பழகாமல் போய், முப்பத்தைந்து வயதில் அ, ஆ என்று விரலால் தடவ ஆரம்பித்தேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் 50,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. பார்வையற்றோர் பள்ளிக்கு, எதிரில் இருப்பதைப் படித்துச் சொல்லும் நவீனக் கண்ணாடி வாங்கித் தரலாம் என்பது சிலர் யோசனை. கண் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் என்பது சிலர் யோசனை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– சங்கச் செயலாளர், ஈரோடு

அந்தப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் எங்கேயும் அவர்கள் பேசவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். நல்ல மனதோடு யாரோ பத்துக் கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார்கள், அலுவலகத்தில் பயன்படுத்திக் கழித்தவை. எல்லாவற்றுக்கும் பூப்போட்ட உறை. ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ஒன்றில்கூடச் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் கிடையாது, சிலவற்றில் ஒலி வருகிற துளையே பழுது. எங்களுக்கு ஒலி இல்லாத கம்ப்யூட்டரும் வெறும் பெட்டியும் ஒன்றுதான். "உனக்கு என்னடா வேணும்?" என்று கேட்டேன். "வயர் வெச்ச இயர்போன் இருவது வேணும் டீச்சர். எல்லா மிஷினும் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணும் வெளங்காது" என்றான். சத்தம் வரும் மிஷின்கள் ஒரு நாள் வரும் என்கிற நம்பிக்கையில் சொன்ன பதில் அது.

நவீனக் கருவிகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வாங்கும் முன், ஐந்து வருடம் கழித்துப் பழுதானால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆர்கஸ் 2 என்று ஒரு கருவி வந்தது. ஆர்.பி.யால் பார்வை போனவர்களின் விழித்திரை மேல் 60 மின்முனைகள் கொண்ட தகட்டை வைத்து, கண்ணாடியில் உள்ள கேமரா வழியாக வெளிச்சப் புள்ளிகளைக் காட்டுவது. 2013ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது நானும் தம்பியும் விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். உலகம் முழுக்க சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள். 2019ல் அந்தக் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. கண்ணுக்குள் தகடு இருக்கிறது, கருவி கெட்டுப்போனால் சரிசெய்ய ஆளில்லை. தன் உடம்பையே கொடுத்து ஆராய்ச்சிக்கு உதவியவர்களை அப்படி நடுவழியில் விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர், கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் விற்ற விலையைப் பார்த்து, 2006ல் தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவர் சேர்ந்துகொண்டார். அதுதான் என்.வி.டி.ஏ. இலவசம். தமிழும் படிக்கும். அதோடு வருகிற குரல் கொஞ்சம் தகரத்தில் தட்டியதுபோல் இருக்கும். ஆனால் பழகிவிட்டால் எவ்வளவு வேகமாக வைத்தாலும் புரியும். இந்தப் பத்தியைத் தட்டச்சு செய்ததும் திருத்தியதும் அதில்தான். அவர்களுடைய அமைப்பு பெருமளவு நன்கொடையில் ஓடுகிறது. உங்கள் தொகையில் ஒரு பங்கு அங்கே போனாலும் அது ஈரோட்டுப் பிள்ளைக்கும் வந்து சேரும்.

அப்புறம், எது புதுசோ அதுதான் உதவி என்று நினைக்காதீர்கள். பிரெயில் எழுதுகிற ஸ்லேட்டை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். இரண்டு தகடு, நடுவில் கெட்டியான தாள். மேல் தகட்டில் வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு புள்ளிக்கு இடம். மரப்பிடி வைத்த ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் எழும்பி, இடமிருந்து வலமாக வாசிக்க வரும். சாதாரணத் தாளில் குத்தினால் ஓட்டை விழும், புள்ளி நிற்காது. ஒரு பாடப்புத்தகம் பிரெயிலில் பல தொகுதிகளாகப் பெருகிவிடும். வருடா வருடம் தீர்ந்துபோவது அந்தத் தடித்தாள்தான். அதற்கு யாரும் விழா எடுத்துப் பணம் தருவதில்லை. நீங்கள் தாருங்கள்.

ஆராய்ச்சிக்கு என்று தனியாகக் கொடுக்க விரும்பினால், ஆராய்ச்சிப் பிரிவுக்கென்றே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ரூபாய் நோட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?
– பள்ளி மாணவி, சாத்தூர்

நல்ல கேள்வி கண்ணு. இப்போதைய 100, 200, 500 ரூபாய் நோட்டுகள் மூன்றும் ஒரே அகலம், 66 மில்லிமீட்டர். நீளம் 142, 146, 150. நாலு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தனியாக ஒரு நோட்டு கையில் வந்தால் சொல்வது கஷ்டம். ஓரத்தில் மேடான சாய்ந்த கோடுகள் இருக்கும்: நூறுக்கு நான்கு, ஐந்நூறுக்கு ஐந்து, இருநூறுக்கு நான்கு கோட்டுக்கு நடுவில் இரண்டு வட்டம். புது நோட்டில் விரலுக்குத் தெரியும். மீன் கடையைச் சுற்றி வந்த நோட்டில் எல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அதனால் வீட்டிலேயே ஐந்நூறை நான்காகவும் இருநூறை நீளவாட்டில் இரண்டாகவும் மடித்துக்கொள்வேன், நூறை மடிப்பதில்லை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. கேமராவுக்கு முன் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், இணையம் தேவையில்லை. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு அதைத் திறக்க எனக்கு இன்னொரு கை வேண்டும். உன் பக்கத்தில் யாராவது நோட்டைத் தடவிக்கொண்டு நின்றால், "இது இருநூறு" என்று குரலால் சொல்லு, பிடுங்கிப் பார்க்காதே.

நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என்னிடம் பணம் அதிகம் இல்லை, நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஓர் இளைஞர், கோயம்புத்தூர்

தம்பி, நீங்கள் செய்கிற செயலியை இன்று இரவு போனில் திறந்து, திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். பணம் அனுப்பும் பொத்தானுக்கு நீங்கள் பெயர் எழுதாமல் விட்டிருந்தால், எனக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்கும். அதில் எது 'அனுப்பு', எது 'ரத்து' என்று தெரியாமல் நான் மின்கட்டணம் கட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதுவது உங்களுக்கு ஒரு நிமிட வேலை.

தமிழில் செய்ய வேண்டியது இன்னும் நிறைய. பழைய எழுத்துருக்களில் செய்த பி.டி.எஃப். கோப்புகளைத் திறந்தால், கண்ணுக்கு அழகான தமிழ், என் காதுக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக உளறல். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது. இன்றும் எனக்கு வருகிற அழைப்பிதழ்களில் பாதி பழைய எழுத்துருவில்தான். அப்படி முடங்கிக் கிடக்கும் கோப்புகளை மாற்றிக் கொடுங்கள். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசக் கோப்புகளாகத் தருகிற மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. பார்வை போன பிறகு புறநானூற்றை நான் முழுதாகத் திரும்பப் படித்தது அங்கிருந்து எடுத்த கோப்பில். மோசில்லாவின் காமன் வாய்ஸில் தமிழ் இருக்கிறது. திரையில் வரும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், தமிழைப் புரிந்துகொள்ளும் கருவிகளுக்கு உங்கள் குரல் பயன்படும். கோயம்புத்தூர்ப் பேச்சோடே படியுங்கள், அதுதான் குறைவு.

பி மை ஐஸ் என்ற செயலியில் தமிழ் தெரிந்த தன்னார்வலராகப் பதிந்துகொள்ளலாம். யாராவது வீடியோவில் அழைத்து, இது இருமல் மருந்தா காது மருந்தா என்று கேட்பார்கள். படித்துச் சொன்னால் போதும்.

எனக்கு 71 வயது. சர்க்கரை இருக்கிறது, புரை ஆபரேஷன் ஆகிவிட்டது. என் கண்ணை யார் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்?
– ஒரு பெரியவர், பரமக்குடி

தாராளமாக எடுத்துக்கொள்வார்கள் ஐயா. சர்க்கரை, கண்ணாடி போட்டது, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்லை. எய்ட்ஸ், மஞ்சள்காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால்தான் மறுப்பார்கள். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் இமையை மூடி, ஈரப்பஞ்சை வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குப் போன் செய்தால் அவர்களே வந்துவிடுவார்கள். சீக்கிரம் முடிந்துவிடும், முகம் விகாரமாகாது. பொருத்தப்படுவது முன்னால் இருக்கிற கருவிழி மட்டும்தான். பொருத்தத் தகுதியில்லை என்றாலும் வீணாகாது, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் போகும். நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் சம்மதிக்க வேண்டியது வீட்டார்தான். அதனால் மகனிடம் மருமகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் நோய் விழித்திரையில், கருவிழி நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றே படிவத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்டேன். கண் வங்கியின் நம்பரை மகள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். அதன் கீழே பிரெயிலிலும் ஒரு துண்டு ஒட்டச் சொன்னேன், தம்பி எங்களோடுதான் இருக்கிறான்.