பால், காளைக்கன்று, அடிமாடு: கால்நடை மருத்துவரிடம் கேள்வி பதில்

பால் குடிப்பது மாட்டுக்குச் செய்யும் கொடுமையா என்று ஆளாளுக்குக் கேட்டதால், கறவை மாட்டோடு பழகிய கால்நடை மருத்துவர் ஒருவர் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். பசுவும் எருமையும் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். யாரும் கேட்டபாடில்லை.

தாம்பரம் ராணி: டாக்டரம்மா, பால் குடிப்பது பாவமா? ஒரே வரியில் சொல்லுங்க.

ஒரு வரியில் அடங்காது. கறப்பதால் மாட்டுக்கு வலி இல்லை. கறக்காமல் விட்டால்தான் மடி கட்டி வலிக்கும். பால் தராத உருப்படிகள் என்ன ஆகின்றன என்பதில்தான் சிக்கல். பசு சுமார் 280 நாள் சுமந்து ஈன்றால்தான் பால். 13, 14 மாதத்துக்கு ஓர் ஈற்று என்று வையுங்கள். பிறப்பதில் பாதி காளைக்கன்று. உங்கள் பால்காரர் தொழுவத்தில் கிடாரிக்கன்று, அதாவது பெண் கன்று, நாலு நின்றால் காளைக்கன்றும் ஏறக்குறைய நாலு நிற்க வேண்டும். நிற்கிறதா என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

மடிப்பாக்கம் அப்பா: மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்கிறார்களாமே? அந்தப் பாலால்தான் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்களா?

இரண்டு கேள்வி. இரண்டாவதற்கு முதலில்: இல்லை. அந்த ஊசி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். சில நிமிஷத்தில் ரத்தத்தில் சிதைந்துவிடும். பாலில் மிச்சம் மீதி இருந்தாலும் வயிற்றில் செரித்துவிடும்.

மாட்டுக்கு என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை, அதனால் சொல்கிறேன். கன்று முட்டினாலும் காம்பைக் கழுவித் தடவினாலும் மாட்டின் மூளையே இந்த ஹார்மோனைச் சுரக்கும். ஒரு நிமிஷத்தில் மடி இறுகும், பால் இறங்கும், ஐந்து முதல் ஏழு நிமிஷம் நிற்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். மாடு பயந்திருந்தால், அடி வாங்கியிருந்தால், அட்ரினலின் குறுக்கே வந்து பாலை அடக்கிக்கொள்ளும். ஊசி போடுகிறவர் இந்த இயல்பான வேலையைக் குறுக்குவழியில் செய்கிறார். நாளுக்கு இரண்டு குத்து. பிறகு ஊசி இல்லாமல் பால் இறங்காது என்ற நிலைக்கு மாடு வந்துவிடும். குத்திய இடத்தில் கட்டி, கருப்பைக்கு வேண்டாத இறுக்கம். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960 பிரிவு 12 இதற்கென்றே இருக்கிறது: உடம்புக்குக் கேடாக, பால் கூட்டுவதற்கு ஊசி போட்டால் 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும், மாடும் அரசுக்குப் போகும். அதே பிரிவில் ‘பூக்கா’ என்ற சொல்லும் வரும். மாட்டின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் இறக்கும் பழைய வழக்கம் அது. அதைக் கேள்விப்பட்டுத்தான் காந்தி பசும்பாலும் எருமைப்பாலும் தொடமாட்டேன் என்றார். கடைசியில் கஸ்தூர்பா ஆட்டுப்பாலைக் காட்டி மடக்கினார், அது வேறு கதை.

ஆர்கானிக் அண்ணாச்சி: நாட்டு மாட்டுப் பால் குடித்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே? ஏ2 பால் ஜீவகாருண்யப் பால்தானே?

ஏ1, ஏ2 என்பது பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67வது இடத்தில் எந்த அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும். மாட்டை எப்படி வைத்திருந்தார்கள் என்பது பால் புரதத்தில் எழுதியிருக்காது. பாக்கெட்டில் ஏ2 என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட்டில் சொல்லி, சில நாளில் அதை வாபஸ் வாங்கியது. அவ்வளவுதான் அந்தச் சங்கதி.

இதில் ஒரு கசப்பும் உண்டு. காங்கேயம், உம்பளாச்சேரி எல்லாம் உழவுக்கும் வண்டிக்கும் வளர்த்த இனங்கள். நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கிடைத்தாலே பெரிது, அதுவும் கன்று பக்கத்தில் நின்றால்தான் இறக்கும். கன்று செத்தால் பால் வற்றிவிடும். எருமையும் பெரும்பாலும் அப்படித்தான். செத்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் நிறுத்துவதும், ஊசியும், கன்றில்லாமல் பால் இறக்காத மாட்டிடம்தான் அதிகம் நடக்கிறது. கலப்பின ஜெர்சி தீவன வாளியைப் பார்த்தாலே இறக்கிவிடும். ‘நாட்டு மாடு’ என்று விலை கூட்டி விற்கிறவரிடம் கன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

தெருநாய் நேசன்: எங்கள் தெருவில் நாய்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள்...

மாநகராட்சி கால்நடை அலுவலரைக் கேளுங்கள். அடுத்து.

அலங்காநல்லூர் தம்பி: அக்கா, ஜல்லிக்கட்டு வதையா இல்லையா?

தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. இன்றைக்கு இந்தத் தலைப்பு வேண்டாம், ராத்திரி முடியாது.

புதுத் தொழுவம்: முதல் முறை மாடு வாங்கியிருக்கேன் மேடம், அடுத்த மாசம் ஈனும். கன்னுக்கு என்ன செய்யணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

விழுந்தவுடன் மூக்கு வாயில் உள்ள சளியைத் துடையுங்கள். தாய் நக்கட்டும், தடுக்காதீர்கள். தொப்புள்கொடியை உடம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி, சுத்தமான பிளேடால் கீழே அறுத்து, டிங்சர் அயோடினில் முக்குங்கள். மேலே தடவினால் போதாது, சின்னக் கிண்ணத்தில் ஊற்றி முனை முழுவதும் நனைய வேண்டும். இதைத் தவறவிட்டால் அந்த வழியாகக் கிருமி ஏறி, கொஞ்ச நாளில் கன்றின் முழங்கால் மூட்டு வீங்கும். பலர் அதை அடிபட்டது என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது சீம்பால், ஈன்றதும் சுரக்கும் முதல் பால். ஒரு மணி நேரத்துக்குள், தள்ளிப்போனால் இரண்டு. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது மகா தப்பு. கன்று எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கிறது. அத்தனையும் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை உறிஞ்சும் கதவு குடலில் மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் முழுக்க மூடிவிடும். அளவு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு: 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர், மூன்று நாலு தடவையாக. தானாகக் குடிக்காவிட்டால் கறந்து நிப்பிள் பாட்டிலில் கொடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

காளைக்கன்றாக இருந்தாலும் இதே அளவு. சீம்பாலை வீட்டில் திரட்டுப்பாலாகக் கிண்டுவது கன்று குடித்த பிறகு.

மயிலாப்பூர் மாமி: ஊசி போட்ட பாலால் குழந்தைகள்...

மேலே இருக்கிறது மாமி.

பச்சைத்தட்டு: டாக்டர், நீங்கள் கன்று வளர்ப்புப் பாடம் நடத்துகிறீர்கள். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம், மறுமாதம் பொள்ளாச்சி சந்தை, அங்கிருந்து அடிமாட்டு லாரி. பாலை விட்டால்தான் இது நிற்கும்.

கொங்குத் தொழுவம்: ஏனுங்க, காளைக்கன்னுக்கு மூணு மாசம் பால் விட்டா யாருங்க காசு தருவா? நீங்க வந்து கட்டிட்டுப் போங்களேன்.

இரண்டு பேருக்கும் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கன்றுக்கு முதல் மாதம் நாளுக்கு மூன்று லிட்டர். கொள்முதல் விலை 38 ரூபாய் என்று வைத்தால் 30 நாளில் 3,420 ரூபாய். டிராக்டர் வருவதற்கு முன் அந்தக் கன்று இரண்டு மூன்று வருஷத்தில் உழவு மாடு. போட்ட காசு திரும்பும். இன்று கலப்பினக் காளைக்கன்றை வாங்க ஆளில்லை. அதனால்தான் அதற்குச் சீம்பால் குறைகிறது, பிறகு பாலுக்குப் பதில் கஞ்சித்தண்ணீர், கழிச்சல், பத்தாம் நாள் சாவு. யாரும் அடித்துக் கொல்லவில்லை, அதனால் யார் மேலும் குற்றமில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பச்சைத்தட்டு சொல்வதில் இந்த இடம் நூற்றுக்கு நூறு சரி. கொங்குத் தொழுவம் சொல்வதில் காசு யார் தருவது என்பதும் சரி. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறினால் தெருவில் இறங்கும் நாம் யாரும் அதைத் தரத் தயாராக இல்லை.

பச்சைத்தட்டு: வெட்டுவதற்குத்தான் சட்டம் இருக்கிறதே, ஏன் நடக்கிறது?

1958ம் வருஷத்துத் தமிழ்நாடு சட்டப்படி, மாடோ எருமையோ பத்து வயசு தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லை, அல்லது நிரந்தரமாக முடமாகிவிட்டது என்று சான்று வாங்கினால்தான் வெட்டலாம். பசு, கிடாரியை இறைச்சிக்கூடத்தில் வெட்டவே கூடாது என்று 1976ல் தனி அரசாணையும் உண்டு. தொழுவத்தில் நடப்பது என்ன? ஐந்தாறு ஈற்றில், எட்டு ஒன்பது வயசில், மடி நோயாலோ சினை பிடிக்காமலோ பசு அடிமாடாகிறது. இருபது வயசு வரை இருக்கக்கூடிய பிராணி. வயசை எப்படிப் பார்ப்பது? கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டும் ஐந்து வயசுக்குள் விழுந்து முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல் தேய்மானமும் கொம்பு வளையமும் பார்த்து உத்தேசம்தான். எட்டா பத்தா என்பது பேனா பிடித்தவர் கையில் இருக்கிறது.

கொங்குத் தொழுவம்: பொட்டைக்கன்னு மட்டும் போடற ஊசி வந்திருக்குங்களே, அது தேவலைங்களா?

அது பாலினம் பிரித்த விந்துக்குச்சி, சினை ஊசிக்காக உறைய வைத்த விந்து அடைத்த குழல். பத்துக்கு ஒன்பது கிடாரி. காளைக்கன்றுப் பிரச்சினைக்கு இன்று கையில் இருக்கும் உருப்படியான கருவி இதுதான். ஆனால் குச்சியில் சாதாரணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உயிரணு இருக்கும். அதனால் தப்பு செய்தால் பிடிக்காது. முதல் இரண்டு ஊசிக்கு, நல்ல எடை வந்த கிடாரிக்குப் போடுங்கள். மூன்று தடவை போட்டும் சினை பிடிக்காத கிழட்டு மாட்டுக்குப் போட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். காலையில் பருவம் (சினைக்குத் தயாரான அறிகுறி) தெரிந்தால் சாதாரண ஊசி மாலையில். இதை இன்னும் சில மணி நேரம் தள்ளி, பருவம் அடங்கும் தறுவாயில் போடச் சொல்லுங்கள். குச்சியை 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிஷம் உருக்க வேண்டும். சட்டைப் பையிலோ உள்ளங்கையிலோ வைத்து உருக்குகிறவர் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பச்சைத்தட்டு: கிடாரி மட்டும் பிறந்தால் மாடு பெருகும், எட்டு வருஷம் கழித்து அடிமாடும் இரட்டிப்பாகும். நல்ல தீர்வு!

ஆமாம். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. கன்றைக் காப்பாற்றும், கிழப்பசுவைக் காப்பாற்றாது. நீங்கள் பாலை விட்டது உங்களுக்கு நேர்மையான வழி. நாளைக்கே எல்லோரும் விட்டால் இன்று தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு என்ன என்பதற்கு உங்களிடமும் பதில் இல்லை. இருவரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நெடுஞ்சாலை: மாட்டு லாரியைப் பார்த்தால் என்ன செய்யலாம்?

துரத்தாதீர்கள், வழிமறிக்காதீர்கள். பயந்து வண்டி ஓட்டினால் உள்ளே மாடுதான் விழும். 100க்குப் போன், வண்டி எண், திசை. விதி: சாதாரண சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்று கையில் இருக்க வேண்டும். ஆனால் 1960 சட்டத்தின் பிரிவு 11ல் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். பூஜ்யம் எதையும் விட்டுவிடவில்லை, ஐம்பதேதான்.

கரூர் செல்வம்: கன்னுக்குக் கொம்பு வளராம சுடறது வதையா மேடம்?

மரப்பு ஊசி இல்லாமல் சுட்டால் வதை. இரண்டு மூன்று வாரத்துக்குள், குருத்து மொட்டாக இருக்கும்போதே செய்ய வேண்டும். கண் ஓரத்துக்கும் கொம்புக்கும் நடுவில் உள்ள எலும்பு விளிம்பில் லிக்னோகெயின், பக்கத்துக்கு 5 மில்லி, பத்து நிமிஷம் பொறுத்து, ஊசியால் குத்திப் பார்த்து, சிலிர்க்காவிட்டால் சூட்டுக்கோல். மரப்பு போன பிறகுதான் வலி ஏறும், அதற்கு மெலாக்ஸிகாம். இதையெல்லாம் டாக்டர் செய்யட்டும். டைகுளோபெனாக் என்ற வலி மருந்து வேண்டாம், மாட்டுக்கு அது 2006லிருந்து தடை. அந்த மாடு செத்தால் தின்னும் கழுகும் சாகும். நீலகிரி மாயாற்றுப் பக்கம் மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

பெரம்பூர்: ஏ2 பால் உண்மையிலேயே...

அடுத்து.

சேலம் ஐடி: பிறந்த நாளுக்குக் கோசாலைக்கு நன்கொடை கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்துக் கொடுப்பது?

முன்னறிவிப்பு இல்லாமல், மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பாசி இருக்கிறதா? பெரிய மாட்டுக்கு நாளுக்கு 15 கிலோ பசுந்தீவனம், ஐந்து கிலோ வைக்கோலாவது வேண்டும். மாடு எத்தனை என்று கேட்டுப் பெருக்கி, வைக்கோல் போர் அந்த அளவுக்கு இருக்கிறதா பாருங்கள். காளையும் பசுவும் ஒன்றாகத் திரிந்தால், அங்கேயும் கன்று பெருகுகிறது என்று அர்த்தம். வாசலில் மணி கட்டி நிற்கும் வெள்ளை மாட்டை விட்டுவிட்டுக் கடைசிக் கொட்டகைக்கு நடங்கள். படுத்தே கிடக்கும் மாட்டின் முன்னங்கால் முட்டியும் இடுப்பு எலும்பும் பாருங்கள். தோல் தேய்ந்து புண் இருந்தால் தரையில் வைக்கோல் போடவில்லை, புரட்டிப் படுக்க வைக்க ஆளும் இல்லை. பணமாகக் கொடுக்காமல் ஒரு லோடு வைக்கோலாக இறக்குங்கள்.