லாக்டு போன், அன்லாக்டு போன்: என்ன வித்தியாசம்?

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த போனில் நம்மூர் சிம்மைப் போட்டால் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வருகிறதா? அது லாக்டு போன். விற்ற செல்போன் சேவை நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். அன்லாக்டு போனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

காரணம் கடன்தான். அங்கே ஏடி அண்ட் டி போன்ற நிறுவனங்கள் போனை மாதத் தவணையில் தருகின்றன. பணம் முடிவதற்குள் வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடக் கூடாதே! தவணையில் எடுத்த பைக்கின் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ்காரர் பெயர் இருப்பதுபோலத்தான். என்ன, இந்த பைக்குக்கு அவர் பங்க்கில் மட்டுமே பெட்ரோல் கிடைக்கும்.

முழு விலைக்கு அன்லாக்டாக வாங்கினால் முதலில் கை கடிக்கும். ஆனால் போகிற நாட்டில் உள்ளூர் சிம் போடலாம், ரோமிங் செலவு மிச்சம், விற்கும்போதும் நல்ல விலை. பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் நிறுவனங்கள் லாக்டு போன் விற்கவே தடை.

பழைய ஐபோன் வாங்குமுன் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் 'கேரியர் லாக்' வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருக்க வேண்டும். இன்னொன்று: அமெரிக்க ஐபோன் 14-இல் சிம் தட்டே கிடையாது. அன்லாக்டு ஆனாலும் இ-சிம்தான், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்.

ஃபேக்டரி ரீசெட் செய்தால் லாக் போய்விடும் என்பது தவறு. லாக், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ-யோடு பதிவாகியிருப்பதால், விற்ற நிறுவனம்தான் நீக்க வேண்டும்.