புழு கொடுத்தால் சோயா செலவு குறையுமா?

கேள்வி: முப்பது நாட்டுக்கோழிகள் வளர்க்கிறேன். சோயா புண்ணாக்கு விலை கட்டுபடியாகவில்லை. பி.எஸ்.எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற கறுப்பு ஈ) புழுவை மட்டும் கொடுத்துச் சமாளிக்க முடியுமா? எப்படி வளர்ப்பது?
- வாசகி, பல்லடம்

புழுவை மட்டும் நம்ப முடியாது. உயிர்ப் புழுவில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். காய்ந்த புழுவில்தான் சுமார் 40 சதவீதம் புரதம். கூடவே 30 சதவீதம் வரை கொழுப்பும் உண்டு. அதாவது ஒரு கிலோ சோயா புண்ணாக்கின் புரதத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ உயிர்ப் புழு வேண்டும். அவ்வளவையும் கொட்டினால் கோழிக்குக் கொழுப்பு கட்டி முட்டை குறையும்.

கோழிக்கு நாளொன்றுக்கு 15 கிராம் உயிர்ப் புழு போதும். முப்பது கோழிக்கு 450 கிராம். இதில் சுமார் 125 கிராம் புண்ணாக்கு மிச்சமாகும். இந்த அளவு புழுவுக்குத் தினமும் மூன்று கிலோ காய்கறி, பழக் கழிவு தேவை. கழிவைக் காசு கொடுத்து வாங்கினால் லாபமில்லை.

இந்த ஈ நம் ஊரில் தானாகவே இருக்கிறது. நிழலில் ஒரு டப்பில் அழுகிய பழமும் ஈரத் தவிடும் வைத்து, மேலே நெளி அட்டைத் துண்டுகளைக் கட்டிப் போடுங்கள். ஈ ஈரத்தில் முட்டையிடாது. காய்ந்த இடுக்கைத்தான் தேடும். அட்டை ஓட்டைகளில் வெளிர் மஞ்சளாக முட்டைக் கொத்து தெரியும். நான்கு நாளில் பொரியும். அடுத்த இரண்டு வாரத்தில் புழு திரளும். வெள்ளையாக இருக்கும்போதே எடுங்கள். கறுத்தால் தோல் கெட்டிப்படும். பத்தில் ஒரு பங்கை மட்டும் கறுக்கவிட்டு, காய்ந்த மரத்தூளில் போட்டு வையுங்கள். அடுத்த தலைமுறை ஈ அதிலிருந்து வரும்.

பெரும்பாலும் ஈரத்தில்தான் கெடுகிறது. கழிவை ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக்கூடாது. வடிந்தால் தவிடோ தேங்காய் நார்த்தூளோ கலக்கவும். இளம் புழுக்கள் சுவரேறி வெளியேறினால் ஈரமோ சூடோ அதிகம் என்று அர்த்தம். புழுக் கூட்டமே சூடு கிளப்பும் என்பதால் சித்திரை வெயிலில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குவிக்காதீர்கள். வீட்டு ஈ மொய்த்தால் தீனி மிஞ்சுகிறது. போட்டது தீர்ந்தபிறகே அடுத்ததைப் போடுங்கள். எறும்பு ஏறாமலிருக்க, டப்பை வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

கோழி எச்சத்தில் வளர்த்த புழுவை மீண்டும் கோழிக்கே கொடுக்க வேண்டாம். நோய்க்கிருமி சுற்றிச் சுற்றி வரும். எடுத்த புழுவை ஒரு நாள் வெறும் தவிட்டில் விட்டு, அலசி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்துக் கொடுங்கள். புழுவில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் முட்டைக் கோழிக்கு இந்த அளவில் அது போதாது. கிளிஞ்சலை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: குஞ்சுகளுக்குக் கரையான் கொடுக்கலாமா?
- வாசகர், புதுக்கோட்டை

தாராளமாக. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், இற்றுப்போன மட்டை, ஓலை இவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, மாலையில் தரையில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையேல் மண்ணுக்குள் இறங்கிவிடும். செம்மண்ணில் நன்றாகச் சேரும், மணற்பாங்கில் குறைவு. கூரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் பானையை வைக்காதீர்கள். கரையான் மருந்து அடித்த இடத்திலும் கூடாது. அங்கே பிடித்ததைத் தின்றால் குஞ்சு சாகும்.