ரீஃபண்ட் சீக்கிரம் வருமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனி ஆளாக இருந்தபோது டெக்சாஸில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது மனைவி, ஒரு குழந்தை. மனைவி வேலைக்குப் போகவில்லை. இந்தத் தடவை 5,200 டாலர் ரீஃபண்ட் (கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வருவது) வரும்போல் இருக்கிறது. வரிக் கணக்கு போட்டுத் தரும் கடையில் "இன்றைக்கே முன்பணம் தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது கடன். ரீஃபண்ட் வந்ததும் அதிலிருந்து கழித்துக்கொள்வார்கள். வட்டி கிடையாது என்று சொல்கிற இடங்களிலும் கணக்கு போட, பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்ற என்று தனித்தனியாகக் கட்டணம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். நீங்கள் இ-ஃபைல் (இணையம் வழித் தாக்கல்) செய்து, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வர டைரக்ட் டெபாசிட் கொடுத்தாலே பெரும்பாலும் 21 நாட்களுக்குள் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க ஃபெடரல் வரித் துறை) பணம் போட்டுவிடும். காகிதத்தில் அனுப்பினால்தான் ஆறு வாரம், அதற்கு மேலும் இழுக்கும். வங்கி ரூட்டிங் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். பெயர் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும், ஏனென்றால் அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் நம் ஆட்களுக்கு அடிக்கடி நேர்கிறது, குழந்தையின் பெயரிலும்தான்.

ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 5,200 டாலர் ஏன் ஐ.ஆர்.எஸ்.ஸிடம் போய்ச் சேர்ந்தது? வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தில் இன்னமும் 'சிங்கிள்' என்றுதான் இருக்கும், கம்பெனி அதை வைத்தே ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் வருடத்துக்கு 26. அதாவது ஒவ்வொரு தடவையும் உங்கள் பணம் 200 டாலர் கூடுதலாகப் போகிறது! வீட்டு வாடகையும் குழந்தைச் செலவும் இருக்கிற வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. கணக்கு தாக்கல் செய்த 45 நாட்களுக்குள் ஐ.ஆர்.எஸ். திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்கு வட்டியும் வராது.

ஹெச்.ஆரிடம் புது டபிள்யூ-4 கொடுங்கள். ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம், எந்த மாதமும் கொடுக்கலாம். முதல் படியில் மணமானவர், சேர்ந்து தாக்கல் என்பதைத் தேர்ந்தெடுத்து, மூன்றாம் படியில் குழந்தையைச் சேருங்கள். கம்பெனி அதை நடைமுறைப்படுத்த ஒரு மாதம் போல ஆகலாம், அப்புறம் பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) ஃபெடரல் வரி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லாததால் உங்களுக்கு வேலை இத்தோடு முடிந்தது. மொத்தமாக வந்தால்தான் சேமிப்பு நிற்கும் என்று நினைத்தால், அந்த 200 டாலரைச் சம்பள நாளிலேயே சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வையுங்கள், கொஞ்சம் வட்டியாவது கிடைக்கும்.

கேள்வி: எங்கள் கதை நேர்மாறு. நியூ ஜெர்சியில் இருவரும் வேலை பார்க்கிறோம். ரீஃபண்ட் வரும் என்று பார்த்தால் 3,000 டாலர் கட்டச் சொல்கிறது. ஏன்?

பதில்: இருவரும் டபிள்யூ-4இல் 'மணமானவர்' என்று மட்டும் குறித்து இரண்டாம் படியை விட்டிருப்பீர்கள். அப்போது இரண்டு கம்பெனியும் குடும்பத்துக்கே அந்த ஒரு சம்பளம்தான் என்று எடுத்துக்கொண்டு குறைவாகப் பிடிக்கும். சம்பளம் ஏறக்குறைய சமமென்றால் இருவரும் இரண்டாம் படியில் உள்ள பெட்டியில் டிக் செய்யுங்கள். வித்தியாசம் அதிகமென்றால் ஐ.ஆர்.எஸ். தளத்தில் உள்ள வரிப்பிடித்தக் கணிப்பானில் இருவரின் பே ஸ்டப்பையும் போட்டுப் பாருங்கள், எவ்வளவு கூடுதலாகப் பிடிக்க வேண்டும் என்று சொல்லும். மாநில வரிக்குத் தனிப் படிவம், அதை மறக்க வேண்டாம். ஃபெடரல் பாக்கி 1,000 டாலருக்குக் குறைவாக இருந்தாலோ, இந்த வருட வரியில் 90 சதவீதம் ஏற்கெனவே பிடித்திருந்தாலோ அபராதம் கிடையாது.

கேள்வி: வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் வருவதற்கு முன்னால் கடைசி பே ஸ்டப்பை வைத்தே தாக்கல் செய்தால் ரீஃபண்ட் முந்தி வராதா?

பதில்: செய்யாதீர்கள். ஜனவரி 31க்குள் கம்பெனி டபிள்யூ-2 கொடுத்தாக வேண்டும், அதுவரை பொறுங்கள். பங்கு விற்றிருந்தால் புரோக்கர் அனுப்பும் 1099 படிவம் பிப்ரவரி நடுவில்தான் வரும், அதற்கும் பொறுக்கத்தான் வேண்டும். அவசரப்பட்டுப் போட்டுவிட்டுப் பிறகு 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் மூலம் திருத்தினால் 8 முதல் 12 வாரம், சில சமயம் 16 வாரம் வரை ஆகும்.